மின்முனைவாக்கம் மைனஸ் 1.75: உங்கள் கணக்கு தவறவில்லை
வணக்கம். அறை வெப்பநிலையில் நாற்கோண பேரியம் டைட்டனேட் படிகத்தின் மின்முனைவாக்கத்துக்கு, அதாவது ஓரலகு பருமனுக்கான மின் இருமுனைத் திருப்புத்திறனுக்கு, சோதனை மதிப்பு சதுர மீட்டருக்கு 0.26 கூலூம், உங்கள் பெர்ரி கட்டக் கணக்கோ (எலக்ட்ரான் அலைச்சார்புகளின் கட்டத்திலிருந்து மின்முனைவாக்கத்தைப் பெறும் முறை) மைனஸ் 1.75 காட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிரலை அழித்துவிடாதீர்கள்! அந்த விடையுடன் 2.01-ஐக் கூட்டிப் பாருங்கள்: 0.26.

முடிவில்லாப் படிகத்தில் அலகுக்கூட்டை (திரும்பத் திரும்ப அடுக்கினால் படிகமாகும் சிறு பெட்டியை) எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து இருமுனைத் திருப்புத்திறன், அதாவது நேர், எதிர் மின்னூட்டங்களின் விலகலைக் காட்டும் அளவு, மாறிவிடும். ஆகவே ஒற்றை மின்முனைவாக்க மதிப்பு என்று ஒன்று கிடையாது. சம இடைவெளியில் அமைந்த மதிப்புகளின் வரிசைதான் உண்டு. ஒவ்வொரு பட்டையிலும் (எலக்ட்ரான்கள் நிரம்பும் ஆற்றல் மட்டத் தொகுதியிலும்) இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதாலும், அயனி மின்னூட்டங்கள் இரட்டை எண்களாக இருப்பதாலும், இங்கே அந்த இடைவெளி எலக்ட்ரான் மின்னூட்டத்தின் இரு மடங்கை, அலகுக்கூட்டின் அடிப்பக்க நீளமான a-யின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது. a 3.99 ஆங்ஸ்ட்ராம் என்றால் 2.01 வருகிறது.

ஆகவே பொருளுள்ளது இரண்டு நிலைகளின் மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாடுதான். ஆய்வகத்தில் அளப்பதும் அந்த வேறுபாட்டைத்தான்: மின்முனைவாக்கம் எதிர்த்திசைக்குத் திரும்பும்போது பாயும் மின்னோட்டத்தைத் தொகுக்கிறார்கள். 1993-இல் இயற்பியலாளர்கள் கிங்-ஸ்மித்தும் வாண்டர்பில்ட்டும் காட்டிய இந்தப் பார்வை எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

ஆனாலும் 2.01-ஐக் கூட்டியதோடு நிறுத்தாதீர்கள். கனசதுர அமைப்பிலிருந்து அணுக்களை 25, 50, 75 சதவீதம் நகர்த்தி ஒவ்வொன்றுக்கும் கணக்கிடுங்கள். புள்ளிகள் தாவாமல் ஒரே கோட்டில் தொடர்ந்தால், கனசதுர அமைப்புக்கும் முழுமையாக நகர்ந்த அமைப்புக்கும் உள்ள வேறுபாடே உங்கள் விடை.