வானில் நகர்ந்து மறைந்த ஒளி எது?

கேள்வி: இருட்டி ஒரு மணி நேரத்துக்குள், வெள்ளிக் கோள்போலப் பிரகாசமான ஒளிப்புள்ளி ஒன்று சிமிட்டாமல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்தது. நடுவானைத் தாண்டியதும் மங்கி மறைந்துவிட்டது. சத்தமே இல்லை. அது என்ன?

பதில்: செயற்கைக்கோள்தான், பெரும்பாலும் சர்வதேச விண்வெளி நிலையம். அதற்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளியைப் பிரதிபலிக்கிறது. பூமியின் நிழலுக்குள் நுழைந்ததும் சில நொடிகளில் அணைந்துவிடும். மாலையில் அந்த நிழல் கிழக்கிலிருந்து மேலெழுவதால், கிழக்கே போகும்போது மறைவது இயல்பு. நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பறக்கிறது, கண்ணுக்குத் தெரிவது அதிகபட்சம் சுமார் 6 நிமிடம். விமானமென்றால் சிவப்பு, பச்சை விளக்குகள் இருக்கும். சீரான இடைவெளியில் பளிச்சிட்டால், உருண்டபடி சுற்றும் ராக்கெட் பாகமாக இருக்கலாம்.

உறுதிசெய்ய நேரம்தான் முக்கியம். ‘ஏழரை மணி வாக்கில்’ என்று எழுதினால் பயனில்லை. அதற்குள் பல செயற்கைக்கோள்கள் கடந்திருக்கும். கைபேசிக் கடிகாரத்தைப் பார்த்து நொடிவரை குறியுங்கள். மறைந்த இடத்தை அருகிலிருந்த பிரகாசமான விண்மீனோடு சேர்த்துச் சொல்லுங்கள். கையை முழுதாக நீட்டினால் மூடிய முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. தொடுவானிலிருந்து எத்தனை பாகை உயரம் என்பதை அப்படியே அளக்கலாம். பிறகு, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருளில் ஊரையும் நேரத்தையும் கொடுத்து ஒப்பிடுங்கள். முன்னதாக அதிலுள்ள செயற்கைக்கோள் தரவைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். நிலையத்தின் சுற்றுப்பாதையை அவ்வப்போது உயர்த்துவார்கள். பழைய தரவு நிமிடக்கணக்கில் பிசகும்.

படமெடுப்பதானால் முக்காலி வேண்டும், கேமரா ஷட்டரை 10 நொடி திறந்துவைத்தால் போதும். கையில் பிடித்து எடுத்த படத்தில் தெரியும் நெளிகோடு உங்கள் கையின் நடுக்கமே.