இன்டர்நெட் இல்லாமல் பேக்கேஜ்களை மறுபடி நிறுவ

கேள்வி: உபுண்டு இயங்குதளத்தை அழித்துவிட்டு அதே பதிப்பைப் புதிதாக நிறுவப் போகிறேன். அதன்பின் அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்டர்நெட் இருக்காது. ஏற்கெனவே இறக்கிய பேக்கேஜ்கள் (நிரல் தொகுப்புகள்) உதவுமா?

பதில்: தாராளமாக உதவும். இறக்கிய டெப் கோப்புகள் (ஒவ்வொரு பேக்கேஜும் இந்த வகைக் கோப்பாகவே வரும்) 'வார்', 'கேஷ்', 'ஆப்ட்', 'ஆர்க்கைவ்ஸ்' என்ற வரிசையில் உள்ளே போனால் இருக்கும். பலர் இதை மட்டும் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, பிறகு 'அப்படி ஒரு பேக்கேஜே இல்லை' என்ற செய்தியைப் பார்த்துத் திகைக்கிறார்கள். என்னென்ன பேக்கேஜ்கள் உண்டு, எந்தப் பேக்கேஜ் ஓட எது துணையாக வேண்டும் என்ற பட்டியல் 'வார்', 'லிப்', 'ஆப்ட்', 'லிஸ்ட்ஸ்' கோப்புறையில் இருக்கிறது. அதுவும் கட்டாயம் வேண்டும். பட்டியல் கோப்புகளின் பெயர் சர்வர் முகவரியை வைத்தே அமைவதால், முகவரி மாறினால் ஆப்ட் (பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் நிரல்) அவற்றைக் கண்டுகொள்ளாது. ஆகவே சர்வர் முகவரி எழுதியிருக்கும், 'இடிசி'க்குள் உள்ள 'ஆப்ட்' கோப்புறையையும் எடுங்கள். புதிதாக நிறுவியபின் மூன்றையும் ரூட் (நிர்வாகி) அனுமதியோடு பழைய இடத்திலேயே போட்டு, ஆப்ட்-கெட் இன்ஸ்டால் கட்டளையை 'நோ-டவுன்லோட்' விருப்பத்துடன் கொடுத்தால் போதும்.

எடுக்கும்முன் ஆர்க்கைவ்ஸைத் திறந்து பாருங்கள். இப்போதைய ஆப்ட் கட்டளை, நிறுவி முடித்ததும் டெப்களை நீக்கிவிடும், ஆப்ட்-கெட் நீக்காது. காலியாக இருந்தால், இணைப்பு இருக்கும்போதே ஆப்ட்-கெட்டை 'ரீஇன்ஸ்டால்', 'டவுன்லோட்-ஒன்லி' ஆகிய இரண்டு விருப்பங்களோடும் ஓட்டுங்கள். நீங்கள் பெயர் சொன்ன பேக்கேஜ் மட்டுமே இறங்கும், ஏற்கெனவே நிறுவியிருக்கும் துணைப் பேக்கேஜ்கள் இறங்காது. அதனால் டிபிகேஜி (டெப் கோப்புகளை நேரடியாக நிறுவும் அடிப்படை நிரல்) தரும், நிறுவியிருக்கும் பேக்கேஜ்களின் முழுப் பட்டியலையும் கொடுப்பதே பாதுகாப்பு. ஆயிரத்துக்கு மேல் இருந்தாலும் பொறுமையாக இறக்குங்கள்.

கேள்வி: டிபிகேஜியால் நேரடியாக நிறுவினால் என்ன?

பதில்: நாலைந்து கோப்பென்றால் சரி. எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் துணை இல்லையென்று பாதியில் நிற்கும். பழைய டெப் கலந்திருந்தால், ஓர் எச்சரிக்கையோடு புதிய பதிப்பின் மேலேயே அதை நிறுவிவிடும் என்பதுதான் பெரிய ஆபத்து. பாதியில் நின்றால் விடுபட்ட டெப்பைச் சேர்த்து, டிபிகேஜியின் 'கான்ஃபிகர்' விருப்பத்தை எல்லாவற்றுக்குமாக ஓட்டுங்கள். இணைப்பில்லாமல் ஆப்ட்-கெட்டின் 'ஃபிக்ஸ்-புரோக்கன்' விருப்பத்தை ஓட்டினால், அரைகுறையாக நிற்கும் பேக்கேஜையே நீக்கச் சொல்லக்கூடும். கேட்டதற்கெல்லாம் 'ஒய்' (ஆம்) அழுத்தாதீர்கள்.

கேள்வி: டெப்கள் இருக்கும் ஆர்க்கைவ்ஸ் காலி, இணைப்பும் இல்லை. வழி உண்டா?

பதில்: டிபிகேஜி-ரீபேக் என்ற நிரல் ஏற்கெனவே நிறுவப்பட்டிருந்தால் உண்டு. கம்ப்யூட்டரில் இருக்கும் பேக்கேஜிலிருந்தே அது டெப் செய்து தரும். நீங்கள் மாற்றிய அமைப்புக் கோப்புகளும் உள்ளே போய்விடும். அவற்றில் பாஸ்வேர்டு எழுதியிருந்தால் அந்த டெப்பை வேறு யாருக்கும் தராதீர்கள்.