கூப்பிட்டால் வராத ராஜபாளையம் குட்டியும் கடிபட்ட கோழிகளும்

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டத்தில் நிலக்கடலையும் தென்னையும் வைத்திருக்கிறேன். இருபது நாட்டுக்கோழிகளும் ஒன்பது வெள்ளாடுகளும் உண்டு. காவலுக்காக இரண்டு மாதக் குட்டியாக வாங்கிய வெள்ளை ராஜபாளையம் ஆண் நாய்க்கு இப்போது ஐந்து மாதம் ஆகிறது. சோற்றுத் தட்டைக் கண்டால் பாய்ந்து வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டு எழுந்து கடிக்க வருகிறது. போன வாரம் இரண்டு கோழிகளைக் கொன்றுவிட்டதால் பகல் முழுவதும் சங்கிலியில் கட்டிப்போட்டிருக்கிறோம். செத்த கோழியை அதன் கழுத்தில் கட்டி அடித்தால் திருந்தும் என்கிறார்கள். உண்ணித் தொல்லைக்குப் பயிருக்கு அடிக்கும் மருந்தைக் கலந்து தெளிக்கலாமா? தயிர் சோறும், ஆடு அறுக்கும் நாளில் குடலும் கொடுக்கிறோம். வாங்கும்போது ஒரு ஊசி போட்டதோடு சரி. இதைப் பழக்க முடியுமா, அல்லது யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள ஐயா, நீங்கள் முதலில் எழுதியிருக்கும் மூன்று செய்திகளையும் சேர்த்துப் படித்தபோது, கோழியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பாகவே உங்கள் நாயின் காதைச் சோதிக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தட்டைக் கண்டால் வருகிறது, குரல் கேட்டால் வருவதில்லை, தூக்கத்தில் தொட்டால் திடுக்கிடுகிறது என்பவை பிடிவாதக்கார நாயின் குணங்களைவிடக் காது கேளாத நாயின் குணங்களோடுதான் அதிகம் பொருந்துகின்றன.

ராஜபாளையம் இனத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே செவிடாக இருப்பது கால்நடை மருத்துவர்களுக்கும் நாய் வளர்ப்போருக்கும் பழகிய விஷயம். தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் சிலவற்றுக்கு அவை அங்கே போய்ச் சேருவதில்லை என்பதால், ஒலியை உணரும் மென்மையான பகுதி பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகிறது. அதன் பிறகு மருந்தால் அதை மீட்க முடியாது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தபால்தலைகளில் இடம்பெற்ற அளவுக்குப் பெயர் பெற்ற இந்த இனத்தில், மூக்கு சிவந்து உடம்பு பால்போல வெளுத்திருந்தால்தான் அசல் என்று கேட்டு வாங்கும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. வெள்ளையையே தேடித் தேடி இணை சேர்த்ததில் இந்தக் குறையும் கூடவே வந்திருக்கிறது.

சோதனையை வீட்டிலேயே செய்யலாம். நாய் நன்றாகத் தூங்கும் நேரத்தில், காற்று அதன் பக்கம் வீசாத திசையில், பத்தடி தள்ளி அதன் முதுகுப்புறம் நின்றுகொண்டு சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், பிறகு விசில் அடியுங்கள். தரையில் காலைத் தட்டவோ பாத்திரத்தைக் கீழே போடவோ கூடாது. அதிர்வை அது பாதத்தாலும் வயிற்றாலும் உணர்ந்து விழித்துக்கொண்டால் நமக்குத் தவறான விடை கிடைக்கும். காது மடல் சற்று அசைந்தால்கூடக் கேட்கிறது என்று பொருள். வேறு வேறு நாட்களில் நான்கைந்து முறை செய்து பாருங்கள். ஒலி கேட்டுத் தலையைத் தூக்கினாலும் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நாலாபக்கமும் தேடுகிறது என்றால், ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று கருத இடமுண்டு. உண்ணியோ அழுக்கோ அடைத்தும் காது மந்தமாகலாம் என்பதால், இரண்டு காதுகளையும் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது முறை.

செவிடு என்றே தெரிய வந்தாலும் மனம் தளர வேண்டாம். நாய்கள் இயல்பாகவே நம் சொல்லைவிட நம் கையையும் முகத்தையும்தான் கூர்ந்து கவனிக்கின்றன. தோட்டத்து வீட்டில் வளர்ந்த இப்படிப்பட்ட ஒரு நாயை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இருட்டிய பிறகு அதன் எசமானர் மோட்டார் அறை வாசலில் நின்று டார்ச் விளக்கை இரண்டு முறை தரையில் மின்னவிடுவார். வரப்பின் மறுகோடியில் நிற்கும் நாய் அந்த வெளிச்சத்தைக் கண்டதும் நிமிர்ந்து, ஒரே ஓட்டமாக வந்து அவருடைய முழங்காலில் மூக்கை வைத்து நிற்கும். வெளிச்சத்துக்கு வந்தால் கையில் ஒரு துண்டு ஈரல் கிடைக்கும் என்பதைத் தவிர அவர் அதற்கு வேறு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அந்த வெளிச்சத்தை நாயின் கண்ணில் அடிக்காமல் எப்போதும் தரையிலேயே அவர் காட்டியதையும் கவனித்தேன்.

காது கேட்டாலும் கேட்காவிட்டாலும் பழக்கும் முறை ஒன்றேதான். வேகவைத்த கோழிக்கறியைக் கடலைப் பருப்பு அளவுக்குக் கிள்ளி வைத்துக்கொண்டு, வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று வேளை உட்காருங்கள். ‘வா’ என்பதற்குக் கையை நெஞ்சை நோக்கி இழுப்பது, ‘உட்கார்’ என்பதற்கு உள்ளங்கையை மேலே தூக்குவது, ‘இரு’ என்பதற்குக் கையை நிமிர்த்திக் காட்டுவது, ‘சபாஷ்’ என்பதற்குக் கட்டைவிரலை உயர்த்துவது என்று நான்கு சைகைகளை வீட்டார் அனைவரும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். அப்பா ஒரு விதமாகவும் பிள்ளைகள் வேறு விதமாகவும் காட்டினால் நாய் எதையும் கற்காது. சொன்னதைச் செய்த ஓரிரு நொடிக்குள் தீனி வாய்க்குள் போயாக வேண்டும். ‘வா’ என்பதை முதலில் வீட்டு முற்றத்திலும், பிறகு முப்பதடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தோட்டத்திலும் பழக்குங்கள். கூப்பிட்டதும் வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்கவோ உடனே பிடித்துக் கட்டவோ கூடாது. இரண்டு முறை அப்படிச் செய்தால் மூன்றாம் முறை அது வராது. தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பாமல், மூக்கருகே தீனியை நீட்டி, வாசனையில் தானாக விழிக்க வையுங்கள். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் அது தூங்கும் இடத்துக்கு அவர்களை அனுப்பவே வேண்டாம்.

இனி கோழி விவகாரத்துக்கு வருகிறேன். ராஜபாளையம் வேட்டைக்காகப் பெருக்கப்பட்ட இனம். ஓடுகிற, படபடக்கிற எதையும் துரத்திப் பிடிப்பது அதன் இரத்தத்தில் ஊறியது. அதை உங்கள் நாய் செய்த குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செத்த கோழியைக் கழுத்தில் கட்டி அடிப்பது கிராமங்களில் காலங்காலமாகச் சொல்லப்படும் வைத்தியம் என்றாலும், அது பயன் தராது என்பதோடு கேடும் செய்யும். கோழியைப் பிடித்து அரைமணி நேரம் கழித்து விழுகிற அடியைக் கோழியோடு இணைத்துப் பார்க்க நாயால் முடியாது. நீங்கள் கோலோடு வருகிறீர்கள், வலிக்கிறது என்பது மட்டுமே அதற்குப் புரியும். அப்போது அது குறுகி ஒடுங்கி நிற்பதை நாம் குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அது நம் கோபத்தைக் கண்ட பயம் மட்டுமே.

அதற்கு மாறாக இப்படிச் செய்யுங்கள். இரண்டு கோழிகளைப் பஞ்சாரத்தின் கீழ் கவிழ்த்து வைத்து, நாயைக் கழுத்துப்பட்டையும் வாரும் போட்டு ஐம்பதடி தூரத்தில் உட்கார வையுங்கள். முதலில் அதன் உடல் விறைத்து, காது முன்னே மடிந்து, பார்வை பஞ்சாரத்திலேயே குத்திட்டு நிற்கும். அந்த நேரத்தில் வாரை இழுக்காமல் பொறுத்திருங்கள். எந்த நொடியில் அது கோழியை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ அந்த நொடியில் கட்டைவிரலை உயர்த்தித் தீனியைக் கொடுங்கள். ஐம்பதடியில் நிதானமாக இருக்கக் கற்ற பிறகே நாற்பதடிக்கு வர வேண்டும். துள்ளினால் மறுபடியும் பின்னுக்குப் போக வேண்டும். பஞ்சாரத்தின் பக்கத்தில் படுத்து அது கொட்டாவி விடும் நிலைக்கு வர ஒரு மாதமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அதற்குப் பிறகும் அவிழ்த்துவிட்ட நாயையும் மேய்கிற கோழிகளையும் ஆளில்லாமல் ஒன்றாக விட்டுப் போகாதீர்கள். இந்த இனத்தைப் பொறுத்தவரை பயிற்சி பாதி, வேலி பாதி. கோழிக்குத் தனியாக ஐந்தடி உயரக் கம்பிவலை அடைப்பு போட்டுவிடுவது உங்களுக்கும் நிம்மதி, நாய்க்கும் நல்லது.

பகல் முழுவதும் சங்கிலியில் கிடக்கும் குட்டி இன்னும் மோசமாகத்தான் ஆகும். ஓட வேண்டிய வயதில் ஓட முடியாத வேகம் எல்லாம் அவிழ்த்த அந்த நிமிடத்தில் கோழி மீதோ வழிப்போக்கர் மீதோ பாயும். குட்டையான சங்கிலியில் நியாயமற்ற நேரத்துக்கு விலங்கைக் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். வீட்டை ஒட்டி நிழலுள்ள ஓர் அடைப்பும், காலை மாலை இரு வேளையும் அரைமணி நேரம் கயிற்றில் பிடித்த நடையும் இருந்தால் இப்போதைக்குப் போதும். பைக் பின்னால் ஓடவிடுகிறார்களே, அது வேண்டாம். கால் எலும்பு முற்றுவதற்கு ஒன்றேகால் ஒன்றரை வயது வரை ஆகும். காட்டுப்பன்றி மேல் ஏவிப் பழக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வனத்தை ஒட்டிய உங்கள் பகுதியில் அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வேட்டையாடுவதாகவே கொள்ளப்படும். இரவில் ஆள் அரவத்தை உணர்ந்து குரைத்தாலே காவல் நடந்துவிடும்.

பயிர் மருந்தை நாய் மீது தெளிக்கவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். தோல் வழியாகவும் நக்குவதாலும் அது உடம்புக்குள் போய், எச்சில் ஒழுகி, தசை துடித்து, வலிப்பு கண்டு சில மணி நேரத்தில் உயிரே போகலாம். அப்படி வந்த நாய்களில் சிலவற்றைத்தான் எங்களால் காப்பாற்ற முடிந்திருக்கிறது. ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை பலன் தரும் மெல்லும் மாத்திரைகள் நாய்களுக்கென்றே கிடைக்கின்றன. எடை பார்த்து மருத்துவர் எழுதித்தருவார். நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது மொத்த உண்ணிகளில் ஒரு பகுதிதான். இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் சாணி மெழுகாத மூலையிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே அது படுக்கும் இடத்தின் வெடிப்புகளைப் பூசி, சுண்ணாம்பு அடித்து, சாக்கை வெயிலில் போடுங்கள். காய்ச்சல், வெளுத்த ஈறு, மூக்கில் இரத்தம், கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகித்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

பச்சைக் குடலைக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நாயைவிட உங்கள் ஆடுகளுக்கும் உங்கள் வீட்டாருக்கும்தான் இதில் ஆபத்து அதிகம். ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் இருக்கும் நீர்க்கட்டிகளைத் தின்ற நாயின் குடலில் நாடாப்புழு வளர்ந்து, அதன் முட்டை நாயின் மலத்தோடு மேய்ச்சல் தரையில் விழுகிறது. அதை மேயும் ஆட்டின் மூளையில் கட்டி வந்தால் அது ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும். மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலில் கட்டி வளரும். குடலோ ஈரலோ கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், வேகவைத்த எலும்பை மட்டும் கொடுக்காதீர்கள்; அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

தயிர் சோறு மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பிறகு இரண்டு வேளையுமாக, சோற்றோடோ கம்புக் கஞ்சியோடோ முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, வெந்த பருப்பு, பூசணி, கேரட் சேர்த்துக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் போட்ட குழம்பு வேண்டாம். கடைசி இரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு. மெலிவு என்று பயந்து சுண்ணாம்புச்சத்து டானிக்கை நீங்களாகவே வாங்கி ஊற்ற வேண்டாம்.

ஒரே ஊசியோடு நிறுத்தியது பெரிய குறை. குட்டிகளுக்கு வாந்தியும் இரத்தப்போக்கோடு கழிச்சலும் வரவைக்கும் பார்வோ முதலிய நோய்களுக்கும் எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியை மூன்று நான்கு வார இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் மாதத்திலேயே போட்டிருக்க வேண்டும், இப்போது போட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொன்றும், பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் போடுங்கள். குடற்புழு மருந்து ஆறு மாதம் வரை மாதந்தோறும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தூக்கத்தில் திடுக்கிட்டு அது யாரையாவது கடித்துவிட்டால், சோப்பு போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம்.

யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காது கேட்கிறது என்று தெரிந்தால் கொடுக்கக் காரணமே இல்லை, இரண்டு மூன்று மாதப் பயிற்சியில் வழிக்கு வந்துவிடும். செவிடு என்று தெரிந்தால் அதைச் சொல்லாமல் ஊர்ச் சாலையோரத்தில் இருக்கும் ஒருவருக்குக் கொடுப்பது, பின்னால் வரும் லாரியின் சத்தம் கேட்காத ஒரு உயிரைச் சாலைக்கு அனுப்புவதாகும். வேலி உள்ள தோட்டமும், சைகை பழகிய வீட்டாரும் இருக்கும் உங்கள் இடமே அதற்குப் பாதுகாப்பானது. தனியாகக் காவல் காக்க அதை நம்பாமல், நன்றாகக் காது கேட்கும் நாட்டு நாய் ஒன்றைத் துணைக்கு வையுங்கள். அது குரைக்க எழுவதைப் பார்த்து இதுவும் எழும். ஆனால் ஒன்றோ இரண்டோ காது கேட்காத நாயை, நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு பணம் தருவதாகச் சொன்னாலும், இனச்சேர்க்கைக்கு விட வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள்.