உயிர் விலாங்குக்கு ஈயம்: எங்கே கட்டலாம், எங்கே கட்டக் கூடாது?

கேள்வி: மாசசூசெட்ஸில் வசிக்கிறேன். கோடை இரவுகளில் கேப் காட் வெளிக்கடற்கரையில் நின்று, ஸ்ட்ரைப்ட் பாஸ் மீனுக்கு உயிர் விலாங்கை இரையாகப் போடுகிறேன். கிழக்குக் காற்று அடிக்கும் நாளில் விலாங்கு தூரம் போவதில்லை; போனாலும் அலை அதைக் கரைக்கே தள்ளிவிடுகிறது. விலாங்கின் வாய்க்குள் ஈயக் குண்டைத் திணித்து வாயைக் கட்டிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். கடைக்காரரோ ஈயத் தலை வைத்த தூண்டில் முள்ளை வாங்கச் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: இரண்டையும் செய்ய வேண்டாம். ஈயம் விலாங்கின் மேல் இருக்கக் கூடாது. தூண்டில் நரம்பில்தான் இருக்க வேண்டும். முட்டை வடிவில், நடுவே துளையுள்ள அரை அவுன்ஸ் (14 கிராம்) ஈயத்தை முதன்மை நரம்பில் கோத்து, அதன் கீழே முடிச்சு நசுங்காமல் இருக்க ஒரு மணியைக் கோத்து, பிறகு ஸ்விவலைக் (நரம்பு முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) கட்டுங்கள். ஸ்விவலுக்கு மறுபுறம் 50 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு இரண்டரை முதல் மூன்று அடி வரை இருக்கட்டும். அதன் நுனியில் முள். முள்ளை விலாங்கின் கீழ்த்தாடை வழியே ஏற்றி மேல்தாடை வழியே வெளியே எடுங்கள். ஈயம் நரம்பில் வழுக்கிக்கொண்டே இருப்பதால், மீன் இரையைக் கவ்வி நகரும்போது அதன் கனம் மீனுக்கு உடனே தெரியாது.

அரை அவுன்ஸ் போதாத இரவில் ஓர் அவுன்ஸ் (28 கிராம்) வரை போகலாம். அதற்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை. விலாங்கு இயல்பாகவே கீழ்நோக்கி நீந்தி ஒளிய இடம் தேடும் உயிரினம். அதிகக் கனத்தைக் கட்டினால் அது தரையில் படுத்துவிடும், பாறை இருந்தால் இடுக்கில் நுழைந்துகொள்ளும், அதுவும் இல்லையென்றால் நரம்பைத் தன் உடலில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பாஸை ஈர்ப்பது விலாங்கின் நெளிவு. அந்த நெளிவைக் கொன்றுவிட்டுத் தூரத்தைச் சம்பாதிப்பதில் பயனில்லை.

ஈயத்தைத் தொடுவதற்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை சில உண்டு. உங்கள் சுருளில் (ரீல்) தடித்த நைலான் நரம்பு இருந்தால், காற்றும் அலையும் முதலில் பிடித்திழுப்பது அதைத்தான். 30 பவுண்டு தாங்கும் மெல்லிய பின்னல் நரம்புக்கு மாறினாலே குறை பெரிதும் தீரும். அடுத்தது வீச்சு: கோலை வெடுக்கென்று சுண்டினால் விலாங்கின் தாடை கிழிந்து அது தனியே பறந்துவிடும், ஆகவே தோளிலிருந்து மெதுவாகத் தொடங்கி வேகத்தைச் சீராகக் கூட்டுங்கள். பத்து அங்குல விலாங்குக்குப் பதில் பதினான்கு அங்குல விலாங்கை வாங்கினால் அதன் சொந்த எடையே உங்களுக்குத் துணை. இவையெல்லாவற்றையும்விட எளிய வழி ஒன்று இருக்கிறது. கேப் காட் பல இடங்களில் சில மைல் அகலமே உள்ள நிலத்துண்டு. கிழக்குக் காற்று முகத்தில் அறைகிற இரவில் காரை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கத்து விரிகுடாக் கரைக்குப் போய்விட்டால் அதே காற்று உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று வேலை செய்யும்.

இனி உங்கள் நண்பரின் யோசனை. இரைக்குள் ஈயத்தை ஒளித்தால் அது கடைசியில் மீனின் வயிற்றுக்குள் போய்ச் சேரும். 2007இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவின் டெர்பி என்ற மீன்பிடிப் போட்டியில் எடைக்கு வந்த ஒரு பெரிய பாஸின் வயிற்றில் ஈயக் குண்டுகள் கிடைத்தன. பிடித்தவர் ஏமாற்றியதாகச் சந்தேகம் எழுந்தது. விசாரித்தபோது, மத்தியைப் போன்ற மென்ஹேடன் மீனுக்குள் ஈயம் திணித்து இரையாக்கும் வேறு தூண்டில்காரர்களிடமிருந்து அந்த மீன் அவற்றை விழுங்கியிருந்தது தெரியவந்தது. முள் நழுவித் தப்பும் ஒவ்வொரு மீனும் உங்கள் ஈயத்தையும் சுமந்துகொண்டு போகலாம். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

ஈயத் தலை முள்ளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் பேர் சிக்குவது இதில்தான். 2021 முதல், இயற்கை இரை போட்டு ஸ்ட்ரைப்ட் பாஸ் பிடிப்பவர்கள், முனை உள்நோக்கி வளைந்த வட்ட முள்ளையே பயன்படுத்த வேண்டும் என்று அட்லாண்டிக் கரை மாநிலங்களின் மீன்வள ஆணையம் விதித்தது. விட்டுவிடப்படும் பாஸ்களில் நூற்றுக்கு ஒன்பது இறப்பதாக ஆணையம் கணக்கில் கொள்கிறது. வட்ட முள் தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் பிடிப்பதால் அந்த இழப்பு குறையும் என்பதே நோக்கம், நோக்கத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால், வீசி இழுப்பதற்கென்று செய்த செயற்கைத் தூண்டிலில் இயற்கை இரையைச் சேர்த்தால் விதி பொருந்தாது என்று ஒரு விலக்கும் வைத்தார்கள். ஈயத் தலை முள்ளும் செயற்கைத் தூண்டில்தானே, அதில் விலாங்கைக் குத்தினால் விலக்கு உண்டுதானே என்று கடைக்காரர் சொல்வது இதை வைத்துத்தான். வெறும் ஈயத் துண்டோடு ஒரு சாதாரண முள், அதில் முழு உயிர் விலாங்கு என்றால், அது தூண்டிலில் சேர்த்த இரையா, இரையில் சேர்த்த ஈயமா? நள்ளிரவில் கரைக்கு வரும் அதிகாரி இதில் உங்கள் பக்கம் நிற்பார் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி தர முடியாது. அபராதத்தை அவர் கட்டப்போவதும் இல்லை. ஒரு விதியை எழுதும்போது, அதைக் கைவிளக்கு வெளிச்சத்தில் ஈரக் கையோடு படிக்கப்போகிறவனை நினைத்து ஏன் எழுத மாட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதே காரணத்தால், விலாங்குக்கென்று முள்ளும் நரம்பும் கட்டித் தயாராக விற்கும் பொட்டலங்களையும் தவிர்த்துவிடுங்கள். வட்ட முள் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும். பிரித்து மேசைமேல் படுக்க வைத்தால் முனை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்பி நிற்கும். சாய்வில்லாத வட்ட முள்ளைத்தான் விதி ஏற்கிறது. 7/0 அல்லது 8/0 அளவில் முள்ளைத் தனியாக வாங்கி நீங்களே கட்டுங்கள். பத்து நிமிட வேலை, செலவும் குறைவு.

ஈயம் சேர்த்த பிறகு சுருளை வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றுங்கள். நிறுத்தினால் தரையில் உட்கார்ந்துவிடும். தட்டுவது தெரிந்ததும் கோலின் நுனியை மீன் பக்கம் தாழ்த்தி, நரம்பு இறுகும்வரை காத்திருந்து, சுருளைச் சுற்றிக்கொண்டே மெல்ல உயர்த்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் வட்ட முள் வாயிலிருந்து வழுக்கி வந்துவிடும். மீன் 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31 அங்குலத்தை எட்டாமலும் இருந்தால் மட்டுமே, நாளுக்கு ஒன்று, வைத்துக்கொள்ளலாம் என்பது 2023 முதல் கடலில் உள்ள வரம்பு.

அரை அவுன்ஸ் ஈயம் இருக்கும் பெட்டியை ஊருக்குள் இருக்கும் குளங்களுக்கு எடுத்துப் போகாதீர்கள். மாசசூசெட்ஸின் உள்நாட்டு நன்னீர்நிலைகளில் ஓர் அவுன்ஸுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளுக்கு 2012 முதல் தடை உண்டு. லூன் என்னும் நீர்ப்பறவைகள் அவற்றை விழுங்கிச் சாவதால் வந்த தடை அது. கடல் பெட்டியும் குளத்துப் பெட்டியும் தனித்தனியாக இருக்கட்டும்.