சான் சீட்டாட்டச் செயலி: எந்த வேலையைச் சர்வரிடம் கொடுக்கக் கூடாது?

கேள்வி: சென்னையில் ஐந்து பேர் கொண்ட குழு நாங்கள். ரம்மி செயலி செய்த அனுபவம் உண்டு. ஜெர்மனியில் வாழும் வடவியட்நாமியக் குடும்பங்கள், ஊரிலுள்ள உறவினரோடு கைபேசியில் 'சான்' ஆட ஒரு செயலி கேட்கிறார்கள். பணம் வைத்து ஆடப்போவதில்லை. வடிவமைப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: ரம்மிக்கு எழுதிய நிரலில் சீட்டுப் படத்தை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை முதலில் விடுங்கள். சானில் வரிசை சேர்ப்பது கிடையாது, ஜோக்கர் கிடையாது. கட்டில் 100 சீட்டு. வன், வான், சாச் என்று மூன்று இனம், ஒவ்வொன்றிலும் 2 முதல் 9 வரை. இவற்றோடு தனியாக நிற்கும் சி-சி. ஆக 25 வகை, வகைக்கு 4 சீட்டு. நால்வருக்குத் தலா 19, தொடங்குபவருக்கு மட்டும் 20. மீதி 23 நடுவில் கவிழ்ந்திருக்கும். அதற்கு 'நொக்' என்று பெயர். ஒரே வகைச் சீட்டு இரண்டு சேர்ந்தால் 'சான்'. எண் ஒன்று, இனம் வேறு என்றால் 'கா'. ஒற்றைச் சீட்டு மிஞ்சாமல் பத்து ஜோடி சேர்ந்து, அதில் குறைந்தது ஆறு சானாக இருந்தால் வெற்றி. அதை 'ஊ' என்பார்கள்.

இனி முக்கியமான விஷயம். வென்றவர் சீட்டை விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. தன் கையில் என்னென்ன சிறப்பு இருக்கிறது என்று வாய்விட்டு அறிவிக்க வேண்டும். இதுதான் 'சுவாங்'. 3 வான், 3 சாச், 7 வன் மூன்றும் இருந்தால் 'தோம்'. 9 வான், 8 சாச், சி-சி இருந்தால் 'லெயோ'. சிவப்புச் சீட்டே இல்லாத கை, எட்டுச் சிவப்பு உள்ள கை, பத்தும் சானாக அமைந்த கை என்று பட்டியல் நீளும். சொல்ல மறந்தால் அந்தப் புள்ளி போய்விடும். இல்லாததைச் சொன்னால் தண்டம். சர்வரே கையைப் பார்த்துப் புள்ளி போட்டுவிடலாம், நிரலாக்கருக்கு அது பத்து நிமிட வேலை. செய்யாதீர்கள். மற்ற மூவரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். வென்றவர் முன் பட்டியலை வைத்து 20 நொடி கொடுங்கள். அவர் ஒவ்வொன்றாகத் தொடத் தொட மற்றவர் திரையிலும் அது தெரியட்டும், குரலும் கேட்கட்டும். அவர் முடித்த பிறகு சர்வர் சரிபார்த்தால் போதும். புதியவர்களுக்குத் தானாக எண்ணிச் சொல்லும் பயிற்சி அறையைத் தனியாக வையுங்கள்.

அடுத்து, பலரும் தவறவிடும் ஓட்டை. ஒருவர் கையில் ஒரே வகைச் சீட்டு மூன்று இருந்து, நான்காவது வெளியே வந்தால், முறை யாருடையதாக இருந்தாலும் அவர் அதை எடுக்கலாம். இதற்குச் 'சிவு' என்று பெயர். சிவு சொல்லக்கூடியவர் இருக்கும்போது மட்டும் சர்வர் காத்திருந்தால், அந்தத் தாமதமே மற்றவர்களுக்குத் துப்புக் கொடுத்துவிடும்: "யாரோ மூன்று வைத்திருக்கிறார்". எனவே ஒவ்வொரு சீட்டு திரும்பும்போதும், உரியவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே அளவாக மூன்று நொடி காத்திருங்கள். பலர் ஒரே சமயத்தில் அழுத்தினால் ஊ முதலில், பிறகு சிவு, கடைசியில் சாதாரணமாக எடுப்பது. யாருடைய இணையம் வேகமானது என்பது இதைத் தீர்மானிக்கக் கூடாது. பெர்லினுக்கும் ஹனோய்க்கும் உள்ள தொலைவு அப்படி.

வெற்றியைச் சரிபார்ப்பது எளிது என்று தோன்றும். வகைவாரியாக எண்ணி, இரண்டால் வகுத்தால் சான் கணக்கு. மிஞ்சும் ஒற்றைகள் ஒவ்வொரு எண்ணிலும் 0 அல்லது 2 ஆக இருக்க வேண்டும். சி-சிக்குக் கா கிடையாது. ஆனால் வெளிச்சீட்டை எடுத்துக் கைச்சீட்டோடு சேர்த்துத் தரையில் இறக்கிய ஜோடி கலையாது. காவாக இறக்கிய சீட்டைக் கைச்சீட்டோடு சேர்த்துச் சானாக எண்ணிவிட்டால் பொய்யான ஊ வரும். கையையும் தரையையும் தனித்தனியே எண்ணுங்கள்.

சீட்டைக் கலைப்பது சர்வரில்தான் நடக்க வேண்டும். நொக்கின் வரிசையும் எதிராளியின் கையும் எந்தக் கைபேசிக்கும் போகக் கூடாது, மறைத்துக்கூட அனுப்பக் கூடாது. ஒவ்வொரு நகர்வுக்கும் வரிசை எண் கொடுத்துப் பதிந்தால், இணைப்பு அறுந்து மீள்பவருக்கு விட்டதை அனுப்பலாம், தகராறு வந்தால் திரும்ப ஓட்டியும் காட்டலாம். ஆள் வராமல் 30 நொடி ஆனால் சர்வர் அவருக்காக ஆடலாம். ஆனால் எதையும் எடுக்கக் கூடாது. சானை விட்டுவிட்டுக் காவை எடுப்பது போன்ற பிழைகளுக்கு இந்த ஆட்டத்தில் தண்டம் உண்டு. எந்திரம் செய்த தப்புக்கு மனிதர் தண்டம் கட்டினால் மறுநாள் செயலியை நீக்கிவிடுவார்.

திரை. அகலம் 360 டிபி (ஆண்ட்ராய்டில் திரை அளவின் அலகு) உள்ள கைபேசியில் 20 சீட்டை விசிறியாக விரித்தால் ஒன்றுக்கு 18 டிபி கூடக் கிடைக்காது. விரலால் தொட 48 டிபி தேவை என்பது ஆண்ட்ராய்டின் பரிந்துரை. தொட்டுத் தேர்ந்தெடுக்க வைத்தால் தவறான சீட்டுத்தான் விழும். விரலை விசிறி மேல் நகர்த்தும்போது அடியிலுள்ள சீட்டு பெரிதாகி எழட்டும், மேல்நோக்கித் தள்ளினால் அது ஆட்டத்தில் இறங்கட்டும். சீட்டு ஒல்லியாக, நீளமாக இருக்கும். மேல்முனையிலுள்ள சீன எழுத்துதான் பெரியவர்களுக்கு அடையாளம், அதை மறைக்காதீர்கள். ஜெர்மனியில் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த எழுத்து தெரியாது. அவர்களுக்காக ஓரத்தில் சிறிய எண்ணும் இன எழுத்தும் வையுங்கள், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளலாம்.

புள்ளிப் பட்டியலை நிரலுக்குள் பூட்டாதீர்கள். வீட்டுக்கு வீடு மாறும், அறை தொடங்குபவர் அமைக்கட்டும். அறைக்கு ஆறு இலக்க எண். அழைப்பை ஸாலோ என்ற செய்திச் செயலி வழியாக அனுப்ப வசதி வேண்டும், வியட்நாமியர் கையில் இருப்பது அதுதான்.

பணம் இல்லை என்கிறீர்கள். புள்ளியை ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப வழி வைத்தால் அது வெளியே விலைபோகும், செயலி சூதாட்டக் களமாகிவிடும். பரிசளிக்கும் பொத்தான் வேண்டாம். அறை கலையும்போது புள்ளியும் அழியட்டும். வியட்நாம் தண்டனைச் சட்டத்தின் 321ஆம் பிரிவில் 50 லட்சம் டோங் பந்தயமே குற்றவழக்குக்குப் போதும். அங்கே இணைய ஆட்டங்களை 147/2024 அரசாணை கட்டுப்படுத்துகிறது. உரிமம் இல்லாமல் வெளியிட முடியாது, சீட்டுப் படங்களைப் பயன்படுத்தும் ஆட்டத்துக்கு அந்த ஆணையின்படி உரிமம் கிடைக்காது. ஊர் உறவினரும் ஆடுவார்கள் என்பதால், முதல் வரி நிரல் எழுதும் முன் ஹனோயில் ஒரு வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.