கணைக்கால் வலி: கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி

ஓட ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலேயே கணுக்காலுக்கு மேலே உள்பக்கம் வலிக்கிறது, ஆனாலும் காரைக்குடியிலிருந்து கோட்டையூர் வரை தார் ரோட்டில் தினமும் ஓடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. இதை 'ஷின் ஸ்பிளின்ட்' என்பார்கள், புதிதாக ஓடுபவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். மூச்சு சீக்கிரம் பழகிவிடும், எலும்பு பழக நாளாகும்.

கணைக்கால் எலும்பின் உள்ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரே புள்ளியில் இல்லாமல் நீளவாக்கில் பரவலாக வலித்தால் பெரும்பாலும் இதுதான். ஒரே இடத்தில் சுரீரென்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம், உடனே எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை நம்பி மறுபடி ஓடிவிடாதீர்கள்.

சாதாரண வலிதான் என்றால் இரண்டு வாரம் ஓடாமல் சைக்கிள் மிதியுங்கள். துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். தைலம் போட்டு எலும்பின்மேல் அழுத்தித் தேய்க்கவே கூடாது. வலி குறைந்ததும் திண்ணைப் படியில் நுனிக்கால் ஊன்றி, குதிகாலை மெல்ல ஏற்றி இறக்குங்கள், கெண்டைக்கால் பலப்படும். வேகமாக நடந்தும் வலிக்காவிட்டால், அப்புறம் கண்மாய்க் கரைச் செம்மண்ணில் ஒருநாள் விட்டு ஒருநாள், கொஞ்சம் ஓட்டம் கொஞ்சம் நடை என்று தொடங்கலாம்.