மலைக்குடிக்கு அறிவில் 2 குறைவா?

வணக்கம் நண்பரே. ஆளுக்கொரு கதாபாத்திரமாக நடித்து ஆடும் உங்கள் ஆட்டத்தில், மலைக்குடி மனிதர்களுக்கு வலிமை 2 கூடுதல், அறிவு 2 குறைவு என்று விதி எழுதினீர்கள், உங்கள் ஆட்டக்காரர் ஒருவர் முகம் சுளித்துவிட்டார். என்னைக் கேட்டால் நியாயம் அவர் பக்கம்தான். மலையில் பிறந்து, மூன்று வயதிலேயே துறைமுகத்து வணிகர் வீட்டுக்கு வந்துவிட்ட பெண்ணுக்கும் அந்தக் குறைவு ஒட்டிக்கொண்டே வருமா? வரும் என்றால் நீங்கள் எழுதியது பண்பாடு இல்லை, ரத்தம்.

இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 விதிநூலைப் புரட்டுங்கள். கலிஷைட், ரஷேமி என்று மனிதர்களில் பல இனக்குழுக்கள் உண்டு. பெயரும் தோற்றமும்தான் வேறு, எண்கள் எல்லோருக்கும் ஒன்றே. 2024 பதிப்பில் திறன் கூடுதல்கள் பின்னணிக்கே, அதாவது கதாபாத்திரம் முன்பு வாழ்ந்த வாழ்க்கைக்கும் செய்த தொழிலுக்குமே, போய்விட்டன. (2014இல் பண்பாடு வெறும் பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிப்போனதும் உண்மைதான். அதைக் காப்பியடிக்க வேண்டாம்.)

நான் செய்வது இது: வளர்ந்த ஊருக்கு ஒரு மொழி, ஒரு கைத்தொழில், ஒரு வழக்கம். உப்பு கொடுத்து உள்ளே விட்ட விருந்தாளிமேல் அன்றிரவு ஆயுதம் எடுக்கக் கூடாது என்று உங்கள் மலைக்குடிக்கு ஒரு விதி வையுங்கள். அப்புறம் அவர்கள் தேடும் கொள்ளைக்காரனே வந்து கதவைத் தட்டி உப்பு கேட்கட்டும்.